மருமக்கள் வரிசையில் ஒரு பெயர்

மரண அறிவித்தலில் பிழை விட்டால் செத்தவர் எழும்பி வந்து கேட்கமாட்டார். உயிரோடு இருப்பவர்கள்தான் வருவார்கள். தம்பியின் பெயர் தன் பெயருக்கு முன்னால் வந்துவிட்டது என்று ஜெர்மனியிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்து எங்கள் கடை வாசலில் நின்று கத்தியிருக்கிறார். இன்னொருவருக்கு 'பாசமிகு' போட்டாய், எனக்கு மட்டும் ஏன் வெறும் 'அன்பு' என்று ஒரு மாமி என்னோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. இவர்களோடெல்லாம் மல்லுக்கட்டித்தான் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் யோகநாதன் அண்ணையின் அச்சகத்தில் பதினொரு வருடத்தைத் தள்ளினேன்.

கலியாணக் கார்ட், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுப் பதாகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். ஆனால் கடையைத் தாங்குவது சாவுதான். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேலே படம். பிறகு பிறந்த ஊர், இருந்த ஊர், யாருடைய மகன், யாருடைய கணவர். அதற்குப் பிறகு பிள்ளைகள் வரிசை, மருமக்கள் வரிசை, பேரப்பிள்ளைகள் வரிசை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் நாடு. அடியில் எங்கள் அச்சகத்தின் ஃபோன் நம்பர். ஒரு குடும்பத்தில் யார் யார் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறார்கள் என்று அறிய அந்த ஒரு தாள் போதும்.

அந்தத் தாளை வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்று நான் அதுவரை யோசிக்கவில்லை. பிழை பிடிக்க மாமிமாரும் மச்சான்மாரும் மட்டும்தான் வாசிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

2012 பெப்ரவரி. பாரிஸ் குளிரில் விறைத்துக் கிடந்த ஒரு புதன்கிழமை காலை சஞ்சீவன் கடைக்குள் வந்தார்.

"அப்பா மோசம் போயிட்டார் அக்கா," என்றார். "இண்டைக்கு விடிய, ஊரிலை. நித்திரையிலை."

கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதைத் திரும்பத் திரும்ப நேராக்கிக்கொண்டு நின்றார். தந்தை பெயர் கந்தையா பொன்னுத்துரை. பிள்ளைகள் தவரத்தினம் (கனடா), சிவமணி (சுவிஸ்), ஞானமலர் (யாழ்ப்பாணம்). அவ்வளவுதான்.

"உம்மட பேர் எங்கை தம்பி?"

"என்ர பேர் வராது."

நான் மேலே கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தெரியும். சஞ்சீவன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்தவர். பிறகு வன்னிக்குப் போய், அங்கே 2008இல் கஜனியைக் கட்டி, யுத்தம் முடிந்த வருடக் கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு எப்படியோ இங்கே வந்து சேர்ந்தவர். பகலில் ஒரு ரெஸ்ரோறன் குசினியில் வெங்காயம் வெட்டுவார். மிச்ச நேரத்தில் லோறன்ஸ் என்ற பெயரில் ஒரு இணையத்தளம் நடத்தினார். யுத்தம் முடிந்த பிறகும் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட ஆட்களின் பெயர், ஊர், கொண்டுபோன நாள், கடைசியாகப் பார்த்தவர் சொன்னது எல்லாம் அதில் வரும். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் ஒரு பெயரும் வராது. அதே இணையத்தளத்தில் எங்கள் இயக்கப் பெடியள் செய்த அநியாயங்களையும் எழுதுவார். அதனால் இந்தத் தெருவில் பாதிக் கடைக்காரர் அவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அங்கே அரசாங்கம் லோறன்ஸைப் புலி என்றது. இங்கே சிலர் துரோகி என்றார்கள்.

அன்றைக்கு அவர் சொன்னது எனக்குத் தெரியாத மிச்சம். அந்தப் பெயர்களை வீடு வீடாகப் போய்ச் சேர்த்து அனுப்புவது யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கும் அவருடைய தங்கை ஞானமலர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புலனாய்வுக்காரர் அவளிடம் வருவார்கள். உன் அண்ணன் எங்கே என்பார்கள். 2009 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்பாள். போய்விடுவார்கள். சஞ்சீவன் பிரான்சில் இருப்பது தெரிந்தால் லோறன்ஸ் யார் என்று தெரிந்துவிடும். லோறன்ஸ் யார் என்று தெரிந்தால், அவருக்குப் பெயர் அனுப்புவது யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

"அவளை ஏத்திக்கொண்டு போனா, அவளின்ர பேரை எழுத அங்கை ஒருத்தரும் இல்லை அக்கா," என்றார்.

அவர் உயிரோடு இருப்பது ஊரில் ஞானமலருக்கும் தாய்க்கும் மட்டும்தான் தெரியுமாம். கஜனியின் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா மருமகன் காணாமல் போய்விட்டார், மகள் தனியாகப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. போன வருடம் தை மாதம் இவர்களுக்கு மகள் பேர்ளி பிறந்ததும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஃபோன் ஒட்டுக் கேட்பார்கள் என்ற பயம். தாயோடு கதைக்க வேண்டுமென்றால் கஜனி பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் நம்பரை அமத்துவாள். என்ன சீவியம் இது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அவர் சொன்னபடியே அடித்துக் காட்டினேன். தன் பெயர் இல்லை என்பதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். தகப்பனின் படத்தை அவர் பார்க்கவேயில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் இணையத்துக்கு அனுப்ப முன்னர் கடைசியாக ஒருமுறை வாசித்தேன். இது என் வழக்கம். மருமக்கள் வரிசையில் கண் நின்றது. தவரத்தினத்தின் மனைவி, சிவமணியின் கணவர், இரண்டே பெயர். கஜனி நினைவுக்கு வந்தாள். பாவம், அந்த வீட்டுக்கு விளக்கேற்ற வந்த பிள்ளை, மாமனார் செத்த தாளில் அவளுக்கு ஓர் இடம் இல்லையா என்று மனம் அரித்தது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மாமனார் செத்தபோது மருமக்கள் வரிசையில் என் பெயரைப் போடவில்லை. நாங்கள் விரும்பிக் கட்டியவர்கள். 'தயாளினி' என்று நான்கு எழுத்து. அதற்கு இடமில்லையாம். பதினான்கு வருடமாகியும் அந்தத் தாள் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகையால் நான் அடிக்கிற எந்த அறிவித்தலிலும் ஒரு மருமகளையும் விடமாட்டேன். சஞ்சீவன் தன் பெயரைத்தானே வேண்டாம் என்றார், பெண்சாதியின் பெயரை வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். 'கஜனி (பிரான்ஸ்)' என்று சேர்த்தேன். அவரைக் கேட்கவில்லை. நல்ல காரியம் செய்கிறபோது யாரைக் கேட்பது?

அறிவித்தல் இணையத்துக்குப் போனது. நாற்பது பிரதி அடித்தேன். யோகநாதன் அண்ணை பசை வாளியோடு போய் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் வழக்கமான இடமெல்லாம் ஒட்டிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடைக் கதவு திறந்தது. சஞ்சீவன். மரக்கறிக்கடைக் கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்த தாள் கையில் இருந்தது. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அக்கா, இதிலை பிள்ளையள் எத்தினை பேர்?"

"மூண்டு."

"அதுக்குள்ள கலியாணம் கட்டினவை?"

ஞானமலர் இன்னும் கட்டவில்லை. "ரெண்டு," என்றேன்.

"மருமக்கள் எத்தினை பேர்?"

தாளில் மூன்று பெயர். மூன்று வரை எண்ணத் தெரிந்த எவனுக்கும் அது விளங்கும். கணக்கில் வராத ஒரு மருமகள், அவளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிரான்ஸ். அவர் மறைத்துவைத்த மகனை நான் மருமகளைப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

"நான்தான் போட்டனான் தம்பி. அவளை விடக்கூடாது எண்டு..." அவர் என்னைத் திட்டவில்லை. "இதை எடுக்க ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

மரண அறிவித்தல் போடும் இணையத்தளக்காரனுக்கு ஃபோன் எடுத்தேன். குடும்பத்தார் கேட்டால்தான் எடுப்போம் என்றான். இவர்தான் குடும்பம் என்று சொல்ல முடியாது. செத்தவரின் மகன் என்று இன்னொருவர் இருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? அச்சகத்தின் பிழை, பெயர் மாறிவிட்டது, எடுக்காவிட்டால் வழக்கு வரும் என்று கத்தினேன். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்தான். அதற்குள் ஆயிரத்து நானூறு பேர் பார்த்திருந்தார்கள்.

பிறகு தெருவில் இறங்கினோம். அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். தண்ணீர் போத்தலும் தகடும் கையில். குளிரில் பசை இறுகிக் கல்லாகியிருந்தது. பொன்னுத்துரை ஐயாவின் நெற்றி வரும், மூக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். மகன் தகப்பனின் முகத்தைச் சுவரிலிருந்து சுரண்டிக்கொண்டு நின்றார். நான் பார்க்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனம் சும்மா விடுமா? "என்ன தங்கச்சி, செத்த மனிசன்ர நோட்டீசைக் கிழிக்கிறாய்?" என்று நகைக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். பொலித்தீன் பையோடு போன ஒருவர் நின்று, "காணிப் பிரச்சினையோ?" என்று ஆசையாகக் கேட்டார். "ஓம், பெரிய காணி," என்றேன். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் போகும் வளைவு வரை முப்பத்தாறு தாள் பிடுங்கினோம். நாலு தாள் எங்கே என்று யோகநாதன் அண்ணைக்கே ஞாபகம் இல்லை. இங்கே கிழித்து என்ன, அங்கே பார்த்தவன் பார்த்திருப்பான் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

பதினொரு மணிக்குக் கடைக்குத் திரும்பினோம். நான் கை கழுவ முன்னரே மேசை ஃபோன் அடித்தது. விரலெல்லாம் பசை. ஸ்பீக்கரை முழங்கையால் அமத்தினேன்.

"அச்சகமோ? நான் யாழ்ப்பாணத்திலை இருந்து ஞானமலர் கதைக்கிறன். பொன்னுத்துரையின்ர மகள்."

சஞ்சீவன் ஃபோனை நோக்கி ஓர் அடி வைத்தார். அவள் மூச்சு விடாமல் தொடர்ந்தாள்.

"இஞ்சை எனக்குப் பக்கத்திலை சேர் ஒராள் இருக்கிறார். அவருக்காகத்தான் ஃபோன் எடுக்கிறன். போன வருசம் என்ர மச்சாள் கஜனி, என்ர அண்ணை சஞ்சீவன்ர இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி உங்களிட்டைத்தானே அடிச்சவ. அண்ணை 2009 ஏப்ரல் இருபத்தொண்டிலை மோசம் போனவர் எண்டு சேருக்குச் சொன்னனான். நம்பிறார் இல்லை. அந்த நோட்டீசின்ர பிரதி ஒண்டு அவருக்கு வேணுமாம்."

அப்படி ஒரு நினைவஞ்சலி நான் அடிக்கவில்லை. செத்தவர் என் முன்னால் நகத்தில் பசையோடு நிற்கிறார். சிந்திக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"ஓம் பிள்ளை, ஞாபகம் இருக்கு," என்றேன். "பழைய பிரதி உள்ளுக்குள்ளை கிடக்கும். தேடி அனுப்பிறன். சேருக்குச் சொல்லுங்கோ, ஒரு மணித்தியாலம் தரட்டாம்."

அவள் ஒரு மின்னஞ்சல் முகவரி சொன்னாள். குரல் ஆடவில்லை. ஃபோனை வைத்த பிறகு சஞ்சீவன் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். தங்கையின் குரலைக் கேட்டு எட்டு மாதமாம். ஒரு சொல் கதைக்க முடியவில்லை.

அங்கே நடந்ததைப் பல மாதம் கழித்துத்தான் முழுதாக அறிந்தோம். காலையில் தகனம் முடிந்து வீடு நிறையச் சனம் இருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். இணையத்திலிருந்து எடுத்த அறிவித்தல் அவர்களிடம் இருந்தது. ஒருவன் கதிரையில் இருந்து விரல் விட்டு எண்ணினான். இந்தக் கஜனி யாருடைய பெண்சாதி என்றான். ஞானமலர் அந்த இடத்தில் நின்றபடியே அண்ணனைச் சாகடித்தாள். அண்ணனின் விதவை என்றாள். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, எப்படிச் செத்தான் என்று கேட்பீர்கள், அதற்குப் பதில் சொன்னாலும் குற்றம் என்ற பயத்தில் சொல்லவில்லை என்றாள். அவன் விடவில்லை. உங்கள் ஆட்கள் யார் செத்தாலும் நோட்டீஸ் அடிப்பீர்களே, அண்ணனுக்கு அடித்தது எங்கே என்று கேட்டான். எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தான்.

நான் கணினியில் இருந்தேன். என்னிடம் இருந்தது ஒரு மணித்தியாலம். படம் வேண்டும். சஞ்சீவனின் ஃபோனில் இருந்த படமெல்லாம் பாரிஸில் எடுத்தவை. செத்த பிறகு எடுத்த படத்தைப் போட முடியாது. பொபினி புறநகரில் வீட்டில் இருந்த கஜனிக்கு ஃபோன் எடுத்து, கலியாணப் படத்தைக் கொண்டு ஓடி வரச் சொன்னோம். நாற்பது நிமிடத்தில் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குப் போய்விட்டதால் பேர்ளியும் இடுப்பில் வந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தகப்பனைக் கண்டதும் தாவினாள்.

என்ன நடந்தது என்று கஜனிக்குச் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன். அவள் பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "வெட்டுங்கோ அக்கா," என்றாள்.

வன்னியில் எடுத்த படம். இரண்டு பேரும் மாலையோடு நின்றார்கள். அவளை வெட்டினேன். அவர் கழுத்து மாலையை வெட்டத் தேவைப்படவில்லை. நினைவஞ்சலிக்கு அது பொருத்தமாகவே இருந்தது. அவளுடைய தோள் ஒன்று மட்டும் மூலையில் எஞ்சியது. அதை மெழுகுதிரிப் படம் வைத்து மறைத்தேன்.

எழுத்து அடிக்க அடிக்க என் கை பழைய ஒழுங்கில் தானாக ஓடியது. பொன்னுத்துரை தம்பதிகளின் பாசமிகு மகனும், கஜனியின் அன்புக் கணவரும், என்று வந்து, அடுத்த வரியில் 'பேர்ளியின் ஆசைத் தந்தையும்' என்று அடித்துவிட்டேன். சஞ்சீவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

"அதை எடுங்கோ அக்கா. 2009இலை செத்தவனுக்கு 2011இலை பிள்ளை பிறக்காது."

எடுத்தேன். கஜனி மகளின் மூக்கைத் துடைத்தாள்.

"அந்த ஏப்ரலிலை எனக்குப் பக்கத்திலை கிடந்து செத்தவைக்கு ஒரு துண்டு நோட்டீஸ்கூட இல்லை," என்றார் சஞ்சீவன். "அடிக்கிறதுக்கு ஆக்கள் மிஞ்சேல்லை. எனக்கு மட்டும் கலரிலை." அவர் தாயை ஒருநாளும் காணாமற்போனோர் பட்டியலில் தன் பெயரைப் பதிய விட்டதில்லை. உண்மையாகக் காணாமல் போனவர்களுக்குச் செய்கிற துரோகம் அது என்பார். இன்றைக்கு அதைவிடப் பெரிய பொய்யில் அவரை ஏற்றிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அழ நேரம் இருக்கவில்லை.

கீழே நான்கு வரிக் கவிதை ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் நினைவஞ்சலி போலவே இராது, அந்த அதிகாரிக்குச் சந்தேகம் வரும். கணினியில் நாற்பது கவிதை வைத்திருக்கிறேன். கணவனுக்கு என்று இருப்பதில் முதலாவதை எடுத்துப் போட்டேன். அச்சடித்து, ஈரத்துணியால் துடைத்து, மடித்து விரித்து, ஹீற்றரில் காயவைத்து, மூலையில் கொஞ்சம் பசை தடவி, ஒரு வருடம் கிடந்த தாள் மாதிரி ஆக்கி ஸ்கான் பண்ணினேன். இதைப்போல ஒரு வேலையை நான் என் தொழிலில் செய்ததில்லை. நன்றாக வந்திருந்தது. அதற்காகவும் என்மேல் வெறுப்பு வந்தது.

அனுப்பினேன். யோகநாதன் அண்ணை கடைக் கதவை உள்ளே பூட்டினார். ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. சஞ்சீவன் பிள்ளையோடு கதவுக்கும் வெட்டும் இயந்திரத்துக்கும் இடையில் நடந்தார். கஜனி என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

"கிடைச்சுது அக்கா," என்றாள் ஞானமலர். "சேர் மச்சாளோடை கதைக்க வேணுமாம். அவவின்ர நம்பர் இருக்கோ எண்டு கேக்கிறார்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கஜனி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"நான் கஜனிதான். நோட்டீஸ் கேட்டவையாம் எண்டு கடைக்கு வந்தனான்."

அங்கே ஃபோன் கை மாறியது. ஆண் குரல், இழுத்து இழுத்துப் பேசுகிற தமிழ். "நீதானா மனைவி? புருஷன் எங்கே?"

"செத்திட்டார்."

"எப்போ?"

"2009 ஏப்ரல் இருபத்தொண்டு."

"நீ பார்த்தியா?"

"ஓம். பாத்தனான்." அவள் சஞ்சீவனைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்ர மடியிலை."

அந்த நேரத்தில் பேர்ளி தகப்பனின் தாடையைப் பிடித்து இழுத்து, "பப்பா," என்றாள். சஞ்சீவன் அவள் வாயைப் பொத்தினார். பிள்ளை திமிறிக்கொண்டு வீரிட்டு அழத் தொடங்கியது. அவர் பிள்ளையோடு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடினார். கடை எவ்வளவு பெரிது? அழுகை எல்லா மூலையிலும் கேட்டது.

"அது யார் பிள்ளை?" என்றான் அவன்.

கடைக்காரரின் பிள்ளை என்று நான் எழுதிக் காட்ட மேசையில் கையால் துழாவினேன். பேனாவைக் காணவில்லை. கஜனி அதற்குக் காத்திருக்கவில்லை.

"என்ர பிள்ளை."

"எத்தனை வயசு?"

"ஒண்டு."

அவன் எண்ணுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. 2009இலிருந்து 2012 வரை விரல் விட்டு எண்ணுகிறான். கடைசியாகக் கேட்டான்.

"அப்பா யாரு?"

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து சஞ்சீவனின் முகம் தெரிந்தது. கஜனி அதைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு, "அது உங்களுக்குத் தேவையில்லாத கதை," என்றாள்.

அவன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்ற மற்றவனுக்குச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவனும் சிரித்தான். பிறகு அந்தச் செத்த வீட்டில் இருந்த சனத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னான்: "புருஷன் செத்து மூணு வருஷம், பிள்ளைக்கு ஒரு வயசாம். நல்ல பொம்பிளை."

அவன் நம்பிவிட்டான். நான் பழசு பூசிய தாளையோ அவள் சொன்ன மடியில் செத்த கதையையோ அவன் நம்பவில்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி கெட்டுப்போனாள் என்பதை உடனே நம்பினான். அதைவிட லேசாக அவனுக்கு நம்பக்கூடியது வேறு ஒன்றும் இருந்திருக்காது.

ஃபோனை ஞானமலரிடம் கொடுத்தான் போலிருக்கிறது. அவளுடைய குரல் முதன்முதலாக உடைந்தது. "இனி எங்கட வீட்டுக்கு ஃபோன் எடுக்காதேங்கோ மச்சாள்," என்றாள். அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் அதைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு வயதான பெண் ஓவென்று அழுவது கேட்டது. தொடர்பு அறுந்தது.

ஞானமலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவளிடம் அவர்கள் வருவது குறைந்தது. பெயர்கள் தொடர்ந்து வந்தன. லோறன்ஸ் தொடர்ந்து எழுதினார்.

ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. சஞ்சீவன் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து வந்து பெண்சாதிக்கு முன்னால் நின்றார். கஜனி பிள்ளையை அவரிடமிருந்து வாங்கி, முதுகைத் தடவி அழுகையை அடக்கினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் நின்றாள்.

"அக்கா, செத்த வீட்டிலை எங்கட ஊர்ச் சனமும் இருந்திருக்கும்," என்றாள். "அம்மாவின்ர காதுக்குக் கெதியிலை போயிடும்."

"நீ முந்தி எடுத்து அம்மாவுக்குச் சொல்லிவிடு பிள்ளை."

"என்னெண்டு சொல்ல? இவர் இஞ்சை உயிரோடை நிக்கிறார் எண்டு ஃபோனிலை சொல்லட்டோ?"

அவமானம் வரக்கூடாது என்றுதான் அவளுடைய பெயரைப் போட்டேன் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லி என்ன?

அவளுடைய கைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன், அம்மா என்று இருந்தது. சஞ்சீவன், "எடுக்காதையும்," என்றார். அது நின்றது. திரும்ப அடித்தது. மூன்றாம் தரம் அடித்தபோது கஜனி பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, கடைக் கண்ணாடிப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் நெடுநேரம் கேட்டது.

"ஓம் அம்மா," என்றாள் கடைசியில். "உண்மைதான்."